அமாவாசைச் சோற்றுக்கு வரும் மேக்பைகள்: வெள்ளை வெளிறாமல் படம் எடுப்பது எப்படி?

ஹரோவாசி | 2.2.2025

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கே ஹரோவில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்தோட்டத்துக்கு மேக்பை என்ற கறுப்பு வெள்ளை நீள்வால் பறவை ஒரு சோடி தவறாமல் வருகிறது. இரண்டு ஆண்டுகளாக அவற்றைப் பார்த்துவந்தாலும், கடந்த அக்டோபரில்தான் படம் எடுக்கத் தொடங்கினேன். இதுவரை எடுத்த நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் பிறருக்குக் காட்டும்படி ஒன்றுகூட இல்லை என்பதால் இங்கே வந்து நிற்கிறேன்.

எங்களோடு வசிக்கும் என் அம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அமாவாசையன்றும் சனிக்கிழமைகளிலும் காகத்துக்குச் சோறு வைக்காமல் வாயில் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார். இங்கே நம் ஊர்க்காகம் இல்லை. கழுத்துச் சாம்பல் இல்லாத, முழுக்கக் கறுத்த வேறொரு காகம் உண்டு. அது எதிர்வீட்டுப் புகைபோக்கியிலிருந்து பார்க்குமே தவிர, எங்கள் வேலிக்கு இறங்குவது அரிது. அம்மா வேலியோரப் பலகையில் ஒரு பிடி சோற்றை வைத்துக் "கா, கா" என்று அழைத்தால், வந்து இறங்குவது மேக்பைதான். முதல் சில மாதங்களுக்கு இது அவருக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. பிறகு ஒருநாள், "அலகு, கால், நடை எல்லாம் காகத்தினுடையவைதானே, வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான்" என்று தாமே தீர்ப்பளித்துவிட்டார். மேக்பை காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நான் புத்தகத்தில் பார்த்து உறுதிசெய்தது அதற்குப் பிறகுதான்.

போன வாரம் தை அமாவாசையன்றும் இரண்டும் வந்தன. நான் எடுத்த படங்களில் தோளும் வயிறும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறியிருக்க, மற்ற பகுதி முழுவதும் கரித்துண்டாகக் கிடக்கிறது. நேரில் பார்க்கும்போது இறக்கையில் தெரியும் நீலமும் வாலில் தெரியும் பச்சையும் படத்தில் வருவதே இல்லை. சமையலறைக் கண்ணாடி வழியாக எடுத்தால் மங்கலாகிறது. கதவைத் திறந்தாலோ, கதவுப்பிடி கையிலிருக்கும்போதே பறவை பறந்துவிடுகிறது. அம்மா இரண்டு மீட்டர் தொலைவில் நின்றால் அசையாத பறவை, என்னைக் கண்டால் மட்டும் ஏன் ஓடுகிறது என்பதையும் யாராவது விளக்கினால் நன்று.

நிழலொளி | 2.2.2025

ஹரோவாசி அண்ணா, நான் லெஸ்டரில் பதினொரு ஆண்டுகளாக இதே பறவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேமரா எந்தக் காட்சியைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பறவை இருண்ட வேலிச்செடியின் முன் நின்றால், "இருட்டாக இருக்கிறது" என்று கருதி ஒளியைக் கூட்டும், வெள்ளை வெளிறும். அதே பறவை வெளிறிய வானத்தின் முன் கூரைமேல் நின்றால் ஒளியைக் குறைக்கும். முழுப் பறவையும் நிழலுருவமாகும். ஒரே நிமிடத்தில் வேலியிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து கூரைக்கும் தாவும் பறவையிடம் தானியங்கி அளவீட்டை நம்பினால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாகத்தான் வரும். ஆனால் தோட்டத்தில் விழும் வெளிச்சமோ அந்த ஒரு நிமிடத்தில் மாறுவதில்லை. எனவே ஒளியளவை நாமே அமைக்கும் மேனுவல் முறைக்கு மாறிவிடுங்கள். பறவை வருவதற்கு முன்பே, அது இறங்கும் பலகையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, அந்த வெள்ளை ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின்) வலது ஓரத்தை முட்டாமல் சற்று இந்தப் பக்கமே நிற்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு இருண்டு போகும், போகட்டும். ரா கோப்பாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பாக) எடுத்திருந்தால் நிழல் பகுதிகளைப் பின்னர் மேலே கொண்டுவரலாம். வெளிறிப்போன வெள்ளையில் மீட்டெடுக்க எதுவும் இருக்காது.

இனி நிறத்துக்கு வருவோம். இறக்கையின் நீலமும் வாலின் பச்சையும் அதன் நுனியோர ஊதாவும் சாயம் ஏறியதால் வந்தவை அல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அழித்தும் உண்டாக்குகிற நிறங்கள், எண்ணெய் படர்ந்த தண்ணீரில் தெரிவதைப் போன்றவை. ஆகையால் கோணம் தவறினால் அதே இறகு கறுப்பாகவே தெரியும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் சற்றே பக்கவாட்டில் இருக்கும்போது காத்திருங்கள். இந்த மாதத்தில் லண்டனில் நண்பகலில்கூடச் சூரியன் 20 பாகைக்குச் சற்று மேலேதான் ஏறுகிறது; கோடையில் காலை எட்டு மணிக்கு முன் எழுந்தால் மட்டுமே கிடைக்கும் சாய்வு வெளிச்சம் உங்களுக்கு இப்போது மதியச் சோற்று நேரத்திலேயே கிடைக்கிறது. நேர்வெயிலைவிட, மெல்லிய மேகம் சூரியனை மறைத்தும் மறைக்காமலும் இருக்கும் வேளை இன்னும் சிறப்பு.

ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே போக வேண்டாம். நின்றிருப்பதாக நாம் நினைக்கும்போதுகூட மேக்பையின் தலை நிலையாக இருப்பதில்லை. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 ஆனாலும் கவலைப்படாதீர்கள்.

வேம்படி | 3.2.2025

பெயரைப் பற்றி ஒரு கேள்வி. மேக்பைக்குத் தமிழில் "கரிச்சான்" என்று எழுதலாமா? எங்கள் வீட்டு அகராதி அப்படித்தான் சொல்கிறது.

கோவைக்கிளை | 3.2.2025

வேம்படி அவர்களே, எழுதாமல் இருப்பதே நல்லது. கறுப்பு வெள்ளை உடல் காரணமாக ஆங்கிலத்தில் மேக்பை ராபின் என்று பெயர் பெற்ற நம் குண்டுக்கரிச்சானை, அதாவது பலரும் வண்ணாத்திக்குருவி என்று அழைக்கும் பறவையை, அகராதிக்காரர்கள் மேக்பையோடு குழப்பிவிட்டார்கள். குண்டுக்கரிச்சான் ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. நெஞ்சை உருக்கும்படி பாடும். மேக்பைக்கோ பாட்டு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. கிலுகிலுப்பையை விடாமல் ஆட்டுவது போன்ற ஓசைதான்.

தமிழ்நாட்டில் மேக்பையைப் போல நீண்ட வாலுள்ள காக்கைக் குடும்பப் பறவை எது என்று கேட்டால், வால்காக்கையைச் சொல்லுவேன். செம்பழுப்பு உடல், கரிய தலை, நுனி கறுத்த நீண்ட சாம்பல் வால். கோவையில் எங்கள் மாமரத்துக்கு அன்றாடம் வருகிறது. பழம், பல்லி, புழு, பிற பறவைகளின் முட்டை எல்லாம் அதற்கு உணவே. உங்கள் அம்மாவின் தீர்ப்பை எங்கள் ஊர்க்காரர்கள் முன்பே வழங்கிவிட்டார்கள், பாருங்கள்: பெயரிலேயே காக்கை இருக்கிறது.

யாராவரை | 5.2.2025

மெல்பேர்ணிலிருந்து ஒரு சிறு குறுக்கீடு. இங்கே மேக்பை என்று அழைக்கப்படுவது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கறுப்பு வெள்ளையைக் கண்டு பழைய பெயரைச் சூட்டிவிட்டார்கள். எங்களுடையது புல்லாங்குழல்போல் பாடும். இளவேனிலில் கூட்டருகே செல்வோரின் தலையில் கொத்தவும் பாயும். ஆகவே ஆஸ்திரேலிய மேக்பைக்கான குறிப்புகளை இணையத்தில் படித்துவிட்டு ஹரோவில் பின்பற்ற வேண்டாம். ஒன்று மட்டும் இரு நாட்டுப் பறவைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்: அவை ஆளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. உங்களைக் கண்டு ஓடுவதற்கு, நீங்கள் முன்பு செய்த ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஹரோவாசி | 9.3.2025

நிழலொளி தங்கைக்கு முதலில் நன்றி. வெள்ளைக் காகித உத்தி உடனே பலனளித்தது. தோளின் வெள்ளையில் இறகுகளின் விளிம்பு முதன்முறையாகத் தெரிகிறது.

யாராவரை சொன்னது என்னைச் சிந்திக்கவைத்தது. அக்டோபரில், தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற கோபத்தில், அதிகாலையில் இரண்டு முறை நான் கைதட்டி விரட்டியிருக்கிறேன். நான் மறந்திருந்தேன், அவை மறக்கவில்லை போலும்.

கதவைத் திறக்கும் தொல்லையே வேண்டாம் என்று, பலகையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவை வைத்து, கைப்பேசியிலிருந்து இயக்க முயன்றேன். விளைவு படுமோசம். ஆறு நாட்கள் இரண்டும் பலகைப் பக்கமே வரவில்லை. பேரி மரத்திலிருந்து கேமராவைப் பார்த்துக் கத்திவிட்டுப் போய்விடும். அந்தச் சனிக்கிழமை சோறு மாலைவரை கிடந்து கடைசியில் அணில் தின்றது. அம்மா என்னோடு பேசவில்லை.

நிழலொளி | 9.3.2025

அண்ணா, புதுப்பொருள் அச்சம் இந்தப் பறவைக்கு மிக அதிகம். மேக்பை மின்னும் பொருள்களைத் திருடும் என்பது ஐரோப்பா முழுவதும் நிலவும் கதை. அதை எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கடலைக் குவியலுக்கு அருகே பளபளக்கும் திருகுகள், மோதிரங்கள், அலுமினியத் தாள் துண்டுகள் ஆகியவற்றையும், அவற்றைப் போன்றவற்றுக்கே மங்கலான நீலச்சாயம் பூசியும் வைத்துப் பார்த்தார்கள். 64 சோதனைகளில் இரண்டே முறைதான் பறவை மின்னும் பொருளைத் தொட்டது. அதையும் உடனே போட்டுவிட்டது. திருடுவது இருக்கட்டும், அந்தப் பொருள்கள் பக்கத்தில் இருந்ததாலேயே கடலையை உண்ணத் தயங்கியது. உங்கள் முக்காலியின் மூன்று வெள்ளிக் கால்களையும் லென்ஸின் பெரிய கண்ணாடிக் கண்ணையும் அது எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

கேமராவை உள்ளே எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பத்து நாட்கள் வைத்திருங்கள். பறவை அதன்மேல் ஏறி உட்காரத் தொடங்கிய பிறகு, ஒரு துளையிட்டுக் கேமராவை உள்ளே வையுங்கள். இன்னும் எளிய வழி, அம்மா நிற்கும் நேரத்தில் அவருக்குப் பின்னால் நின்று எடுப்பது. அவருடைய நம்பகத்தில் கொஞ்சம் உங்களுக்கும் கிடைக்கும்.

கண்ணாடி வழியாகவே எடுப்பதானால், லென்ஸின் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டவையுங்கள், செங்குத்தாக எடுங்கள், சமையலறை விளக்கை அணையுங்கள்.

கோவைக்கிளை | 11.3.2025

எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. உணவு வைத்து வரவழைத்து எடுக்கும் படத்தைப் பறவை நோக்கல் என்று சொல்வதா, அல்லது விருந்துக்கு அழைத்துப் படம்பிடிப்பது என்று சொல்வதா? ராஜஸ்தானின் ரணதம்போரில் வால்காக்கைகள் சுற்றுலா ஜீப்புகளின் விளிம்பிலும் பயணிகளின் உள்ளங்கையிலும் உட்கார்ந்து பிஸ்கட் தின்பதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன, எல்லாம் ஒரே படம். மரத்தில் அது என்ன செய்கிறது, எதைத் தேடுகிறது என்று அண்ணாந்து பார்ப்பவர் அங்கே ஒருவரும் இல்லை.

ஹரோவாசி | 12.3.2025

கேள்வி நியாயமானது, ஐயா. ஆனால் எங்கள் வீட்டில் வரிசை தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். கேமரா வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சோறு வந்துவிட்டது. நான் படம் எடுப்பதை நிறுத்தினாலும் சோறு நிற்காது. உப்புப் போடாத வெறும் சோறு, ஒரு பிடிக்கு மேல் இல்லை. கச்சான் (நிலக்கடலை) நான் வைப்பதில்லை.

மேலும், தின்பதைவிட அதன் பின் நடப்பதுதான் பார்க்கத்தக்கது. பறவை சோற்றை விழுங்குவதில்லை. நாக்கின் அடியிலுள்ள பையில் அடைத்துக்கொள்வதால் தொண்டை நெல்லிக்காய் அளவு புடைத்துக்கொள்கிறது. பிறகு புல்தரைக்கு இறங்கி, வாலை உயர்த்திக்கொண்டு நாலைந்து அடி நடந்து, அலகால் மண்ணில் ஒரு குழி குத்தி, சோற்றை உள்ளே தள்ளி, பக்கத்தில் கிடக்கும் சருகை எடுத்து மேலே மூடுகிறது. ஓர் அடி பின்வாங்கி ஒரு கண்ணால் பார்க்கிறது. மனநிறைவு இல்லையென்றால் இன்னொரு சருகை எடுத்து வைக்கிறது. நேற்று ஓரிடத்தில் மூன்று சருகுகள் வைத்தது. மூன்றாவது காற்றில் பறந்தபோது துரத்திப் பிடித்து வந்து மறுபடி வைத்தது. இதை எடுப்பதற்காகத்தான் இப்போது புல்லில் குப்புறப் படுக்கிறேன். கண்மட்டத்தில் எடுத்தால் பறவை வேறொரு பறவையாகத் தெரிகிறது.

கோவைக்கிளை | 12.3.2025

மூன்றாவது சருகின் படம் இருந்தால் என் ஐயத்தைத் திரும்பப் பெறுவது பற்றி யோசிக்கிறேன்.

ஹரோவாசி | 12.3.2025

இருக்கிறது. குவியம் சருகில் இருக்கிறது, பறவையில் இல்லை.

ஹரோவாசி | 26.4.2025

மூன்று வாரங்களாக ஒன்று மட்டுமே வருகிறது. வாலில் ஓர் இறகு வளைந்திருப்பதால் அடையாளம் தெரிகிறது. எப்போதும் முன்னே வருகிற பெரியது அதுதான். துணை இறந்துவிட்டதோ என்று அம்மா கவலைப்படுகிறார். வலதுபுற வீட்டு அம்மையார் தனி மேக்பையைக் கண்டால் வணக்கம் சொல்லி அதன் மனைவியை நலம் விசாரிக்கிறார். ஒன்றைக் கண்டால் துயரம், இரண்டைக் கண்டால் மகிழ்ச்சி என்பது இங்குள்ள நம்பிக்கை. அதே அம்மையார் நேற்று, தம் தோட்டத்தில் பிளாக்பேர்ட் என்ற பாட்டுக்குருவியின் கூட்டிலிருந்த குஞ்சுகளை "உங்கள் வீட்டுப் பறவை" தின்றுவிட்டது என்று கடுமையாகப் பேசினார். அவற்றுக்கு உணவிட்டு நாங்கள்தான் பாட்டுக்குருவிகளை ஒழிக்கிறோமாம்.

கேம்நதிக்கரை | 27.4.2025

முதல் கவலையைப் போக்கிவிடுகிறேன். ஏப்ரலில் பெண்பறவை அடைகாக்கிறது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அது கூட்டைவிட்டு அதிகம் நகராது. ஆண்பறவைதான் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும். உங்கள் பலகைக்கு வருவது அந்த ஆணாக இருக்கலாம், தொண்டைப் பையில் சோறு போகுமிடம் தெரிந்தால் கூடும் தெரியும். அடுத்த வீட்டு அம்மையாரிடம், அவர் நலம் விசாரிக்கும் மனைவி நலமாகவே இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

கூடு தெரிந்தாலும் அருகே சென்று படம் எடுக்க வேண்டாம். முள்சுள்ளிகளால் பந்துபோல் கட்டி, உள்ளே சேறு பூசி, மேலே கூரையும் வைத்து, பக்கவாட்டில் வாசல் விடும் பறவை இது. கூரை முக்கியமாகக் காகங்களுக்கு அஞ்சித்தான். 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கட்டடங்களில் பறவைகள் உட்காராமல் இருக்கப் பொருத்தும் உலோக ஊசிப் பட்டைகளைப் பிய்த்துவந்து, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் ஒரு மேக்பை கூட்டுக்குக் கூரை வேய்ந்திருந்தது. ஏறக்குறைய 1,500 ஊசிகள், வெளிப்புறம் நீட்டியபடி.

குஞ்சுகளைத் தின்பதை மறுக்க முடியாது, தின்கின்றன. ஆனால் பாட்டுக்குருவிகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு மேக்பையைக் காரணமாக்குவது வேறு கூற்று. பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளையின் 1960களிலிருந்தான கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து 1998இல் வெளியான ஆய்வு, மேக்பை பெருகிய இடங்களில் பாட்டுக்குருவிகள் மற்ற இடங்களைவிட வேகமாகக் குறைந்ததற்குச் சான்று காணவில்லை. வேளாண்மை மாறியதையும் வேலிச்செடிகள் அழிந்ததையும் பேசுவதைவிட, பட்டப்பகலில் நம் கண்முன்னே குஞ்சைத் தூக்கிச் செல்லும் பறவையைப் பேசுவது எளிது. பூனை இரவில் செய்வதை யாரும் பார்ப்பதில்லை. அந்த அம்மையாரிடம் பூனை உண்டா?

ஹரோவாசி | 27.4.2025

இரண்டு.

நிழலொளி | 28.4.2025

கேம்நதிக்கரை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பயன்பாட்டில் உள்ள கூட்டை அனுமதியின்றி அழிப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர் சட்டப்படி குற்றம். மேக்பைக்கும் அது பொருந்தும். பேச்சு முற்றினால் இதை மென்மையாக நினைவூட்டுங்கள். இருப்பினும், மே மாதம் முடியும்வரை சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்வது அண்டை வீட்டு உறவுக்கு நல்லது என்பது என் கருத்து. சான்று வேறு, சமாதானம் வேறு.

ஹரோவாசி | 25.7.2025

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும். நேற்று ஆடி அமாவாசை. அப்பாவுக்காக நான் விரதம் இருக்கும் நாள் என்பதால் வேலைக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் ஆடி அமாவாசைக்குச் சமைக்கும் கசப்பான காத்தோட்டிக்காய் வெம்பிளிக் கடையில் கிடைத்துவிட்டதில் அம்மாவுக்கு அளவற்ற மகிழ்ச்சி. காகத்துக்கான பங்கை உப்புப் போடுவதற்கு முன்பே தனியே எடுத்து, வாழையிலைத் துண்டில் சோறும் கறியுமாகப் பலகையில் வைத்தார். நான் நிழலொளி சொன்னபடி அவருக்குப் பின்னால், அவருடைய தோளுக்கு மேலே லென்ஸை நீட்டியபடி நின்றேன்.

முதலில் வளைந்த இறகுக்காரர் வந்தார், ஆனால் வளைந்த இறகு இல்லை. இறகு உதிர்க்கும் காலம் தொடங்கிவிட்டதால் வால் பாதியாகக் குறைந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தார். அவருக்குப் பின்னால் வேலியில் இரண்டு குஞ்சுகள். வால் இன்னும் முழு நீளம் எட்டவில்லை, கறுப்பில் பளபளப்பு இல்லை, கண் சாம்பல் பூத்திருந்தது. ஒரு குஞ்சு இலையருகே வந்து, இறக்கைகளை நடுக்கிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றது, தகப்பன் பொருட்படுத்தவில்லை. பிறகு அதுவே குனிந்து ஒரு பருக்கையை எடுத்தது. கேமரா அமைப்பு: 300 மில்லிமீட்டர் லென்ஸ், 1/1250 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800. மெல்லிய மேகம். தோளின் வெள்ளையில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது. தகப்பனின் விரிந்த இறக்கையில் நீலம் இருக்கிறது. வாழையிலையின் பச்சை மட்டும் சற்றுத் தூக்கலாக வந்துவிட்டது, அதைக் குறைக்க வேண்டும். பத்து மாதங்களில் நான் காட்டத் துணியும் முதல் படம் இது.

அடுத்த படத்தில் தகப்பன் காத்தோட்டிக்காய்த் துண்டு ஒன்றை அலகில் எடுத்து, ஒரு கணம் வைத்திருந்து, தலையை உதறிப் பலகைக்குக் கீழே எறிகிறது. மூன்று துண்டுகளையும் அப்படியே எறிந்துவிட்டுத்தான் சோற்றில் வாய்வைத்தது. கேமராவின் திரையில் இதை அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உன் அப்பாவும் அந்தக் கசப்பைத் தொடவே மாட்டார்" என்றார்.